எடுபடாத முள்

பெலன் என்றால் சரீர சுகம் என்றே விசுவாசிகளில் அநேகர் எண்ணுகிறார்கள். ஐதராபாத் எபிரோனில் சகோதரன் பக்த்சிங் கழித்த கடைசி ஆண்டுகள் வேறொன்றைக் காட்டுகின்றன.

1903இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1932இல் கனடாவில் ஞானஸ்நானம் பெற்றார். மறுஆண்டு தாயகம் திரும்பியபோது, விசுவாசத்தை மறைத்துவைக்கும்படி பெற்றோர் மும்பையில் வேண்டினார்கள். மறுத்ததால் தனித்து விடப்பட்டார். ஆகிலும் அது இளமையில் வந்த சோதனை. கால்கள் நடந்தன, நாவு பிரசங்கித்தது. 1941இல் சென்னையில் யெகோவா ஷம்மா, பின்பு ஐதராபாத்தில் எபிரோன் எனச் சபைகள் எழும்பின. நெடுநேரம் முழங்காலில் நின்று ஜெபிப்பது அவருடைய வழக்கம்.

முதிர்வயதில் வந்ததோ பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், நடை தளரும், குரலும் தாழ்ந்துபோகும். ஆயிரங்களுக்குப் பிரசங்கித்தவர் பல ஆண்டுகள் படுக்கையிலே பிறர் பராமரிப்பில் இருந்தார். ஜெபித்தும் சுகம் வராவிட்டால் விசுவாசக் குறைவு என்பவர்கள் (சொல்லுவது எளிது!) அந்தப் படுக்கையருகே என்ன சொல்லுவார்கள்? பவுல் மூன்றுதரம் மன்றாடியும் முள் எடுபடவில்லை. அதைச் சுமக்கக் கிருபையே கிடைத்தது. எபிரோனில் அந்தக் கிருபை, நோயாளியைத் தாங்கிய சகோதரருடைய கைகளாகவும் வந்தது. வீட்டில் வியாதியஸ்தரைப் பராமரித்துச் சோர்ந்திருப்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

2000 செப்டம்பர் 17 அன்று, 97 வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நோய் அதுவரை நீங்கவில்லை. அவர் பிரசங்கபீடம் ஏற இயலாதிருந்த ஆண்டுகளிலும் எபிரோனில் ஆராதனை நின்றதில்லை.