பெயரா, தரமா?

மனிதன் பொருள்களுக்குப் பெயரிட்டது அவற்றை அடையாளம் கண்டுகொள்வதற்காக. நாளடைவில் பெயரே பொருளினும் பெரிதாய் வளர்ந்துவிட்டது. உண்பது, உடுப்பது, ஊர்வது ஆகிய அனைத்திலும் ‘இஃது எத்தகையது?’ என்னும் வினா பின்தள்ளப்பட்டு, ‘இஃது எந்த நிறுவனத்தது?’ என்னும் வினா முன்னிற்கின்றது. இசைக்கருவி வாங்கும் இடத்திலும் இம்மயக்கம் புகுந்திருப்பதுதான் வியப்புக்குரியது. இசைக்கருவியின் பயன் செவிக்கு உரியது. செவிக்குரிய ஒன்றைக் கண்ணாற் படித்த எழுத்தைக் கொண்டு மதிப்பிடுவது அறிவுடைமை ஆகுமா?

இளைஞர் பலர் விரும்பிப் பயிலும் கித்தார் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் தலைப்பகுதியில் செய்த நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனம் 1833-இலும், கிப்சன் 1902-இலும், ஃபெண்டர் 1946-இலும் தோன்றின. இவற்றின் புகழ் வீணே விளைந்ததன்று. நல்ல கருவிகளை நெடுங்காலம் செய்து தந்தமையால் மக்கள் அப்பெயர்களை நம்பினர். அவ்வகையில் வாணிகப் பெயர் என்பது கைவினைஞன் தந்த வாக்குறுதி எனலாம். குறை நேரின் பொறுப்பேற்போர் உளர் என்னும் உறுதியும் அதில் அடங்கியுள்ளது. கருவியைப் பற்றி ஏதும் அறியாதவனுக்கு அஃது ஓரளவு வழிகாட்டும். ஆகவே, பெயரை மதிப்பது பிழையாகாது. பெயரைக் கண்டதும் ஆராய்ச்சியை முடித்துக்கொள்வதே பிழை. பெயர் சான்றாக நிற்கலாம். தீர்ப்பாக நிற்றல் கூடாது.

சான்று சில வேளைகளில் பொய்த்துப் போவதும் உண்டு. ஃபெண்டரின் வரலாறே இதனை விளக்கும். வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர் நிறுவிய அந்நிறுவனம், 1954-இல் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ என்னும் மின்கித்தாரை வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தியது. 1965-இல் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. தலையிற் பொறித்த பெயர் மாறவில்லை. ஆயினும், அதன்பின் வந்த கருவிகளின் தரம் தாழ்ந்ததென இசைஞர் பலர் கருதினர்; 1965-க்கு முற்பட்டவற்றையே தேடித்தேடி வாங்கினர்.

மறுபுறம், 1970-களில் ஜப்பானியர் செய்த கித்தார்களை வெறும் போலிகள் என்று இகழ்ந்தோர் பலர். அந்நாளில் கிப்சனுக்கு உரிமை பூண்டிருந்த நோர்லின் நிறுவனம், ‘இபனேஸ்’ என்னும் ஜப்பானியக் கித்தார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின்மீது 1977-இல் வழக்குத் தொடுத்தது. பிறர் வடிவத்தைக் கவர்தல் முறையன்று என்பது உண்மையே. ஆனால், அவ்வழக்கு எதனைப் பற்றியது? கருவியின் ஓசையைப் பற்றியதன்று. தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது! ஐந்தாண்டு கழித்து, 1982-இல், ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் தன் பெயரால் கித்தார் செய்விக்கத் தொடங்கியது. அப்பணியை ஏற்றது இபனேஸ் கித்தார்களைச் செய்துவந்த ஃபுஜிகென் தொழிற்சாலையே ஆகும். நேற்று இகழப்பட்ட கைகளின் வேலை, வேறோர் எழுத்தைத் தலையில் தாங்கியதும் போற்றுதற்குரியதாயிற்று.

நிறுவனத்தின் பெயரைப் போன்றே மரத்தின் பெயரும் மாந்தரை மயக்குவதுண்டு. ஸ்பெயின் நாட்டுக் கித்தார்க் கலைஞர் அந்தோனியோ தெ தோரஸ், 1862-இல் ஒரு கித்தாரின் பின்புறத்தையும் பக்கங்களையும் வெறும் அட்டையால் செய்தார். கருவியின் குரல் பெரிதும் மேற்பலகையைப் பொறுத்தது என்பதை அதனால் உலகிற்கு உணர்த்தினார். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றும் இதற்கு அரண் செய்கின்றது. பின்புற, பக்க மரங்கள் மட்டும் வேறுபட்ட ஆறு கித்தார்கள் செய்யப்பட்டன. மங்கிய ஒளியில், கருங்கண்ணாடி அணிந்து, எந்த மரம் என்று அறியாமல், 52 கித்தார்க் கலைஞர்கள் அவற்றை மீட்டி மதிப்பிட்டனர். 1992 முதல் பன்னாட்டு வாணிகத்தில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ள விலையுயர்ந்த பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டும், எளிய பிற மரங்களும் ஏறத்தாழ ஒரே மதிப்பைப் பெற்றன. கண் மறைக்கப்பட்டபோது செவி நடுநிலையோடு தீர்ப்புரைத்தது.

கருவியை ஆராய்ந்து கொள்ளும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு யாழ்ப்போர் புரிய வந்த சீவகன்முன் யாழ்கள் கொணரப்படுகின்றன. உயர்குடி நங்கையின் அரங்கிற்கு வந்தவை ஆதலின் குற்றமற்றவையாகத்தான் இருக்கும் என்று அவன் கொள்ளவில்லை. நீரில் ஊறிய மரத்தாற் செய்தது, இடியுண்ட மரத்தாற் செய்தது எனக் குறைகாட்டி அவற்றை விலக்குகின்றான். நரம்பினுள் மறைந்திருந்த மயிரையும் பிரித்துக் காட்டுகின்றான்.

இன்று கித்தார் வாங்குவோரும் அவ்வாறே ஆராயலாம். கழுத்து கோணாது நேராக உள்ளதா? தந்திகள் மிக உயர்ந்து நின்று விரலுக்கு நோவு தருகின்றனவா? மெட்டுகளின் ஓரம் கையைக் கீறுகின்றதா? பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலி, தந்தியை அழுத்தாது எழுப்பும் ஒலியினும் சரியாக ஒரு ஸ்தாயி உயர்ந்து நிற்கின்றதா? மேற்பலகை முழுமரமா, ஒட்டுப்பலகையா? கூட்டிய சுருதி நிலைக்கின்றதா? கையிலிருக்கும் அந்த ஒரு கருவியைக் குறித்து, இவற்றுள் ஒன்றுக்கேனும் தலையிலுள்ள எழுத்து உறுதியான விடை கூறாது.

இதனை வெறும் கடைத்தெரு நுட்பமாகக் கொண்டு ஒதுக்கிவிடலாகாது. இதில் அறமும் அடங்கியுள்ளது. பொருளைப் பெயரால் அளக்கப் பழகியவன் விரைவில் மனிதரையும் பெயரால் அளக்கத் தொடங்குகின்றான். மலாய்ப் பேச்சு வழக்கில் எளிய மரக்கித்தாரைக் ‘கித்தார் காப்போக்’ என்பர். ‘காப்போக்’ என்பது சீன நாட்டுக் கித்தார் ஒன்றின் வாணிகப் பெயர். ஏழை எளியவர் கைகளில் புழங்கிப் புழங்கி அது பொதுப்பெயர் ஆகிவிட்டது. அத்தகைய கருவியோடு பயில வரும் மாணவனை, விலையுயர்ந்த கருவி வைத்திருக்கும் மற்றொருவன் எள்ளி நகையாடினால் என்ன நேரும்? அவன் கருவியை மறைப்பான். பிறகு வகுப்பிற்கு வருவதையே நிறுத்துவான். பெயர்ச் செருக்கு அங்கே ஒரு கலைஞனை முளையிலேயே கிள்ளிவிடுகின்றது.

‘குவீன்’ இசைக்குழுவின் பிரையன் மே, 1963-இல் மாணவராக இருந்தபோது, தம் தந்தையுடன் சேர்ந்து தாமே ஒரு கித்தாரைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் அதன் கழுத்தாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில்கள் அதன் உறுப்புகளாயின. எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாத அக்கருவியையே அவர் பல்லாண்டு உலக மேடைகளில் இசைத்தார். கேட்டோர் இசையில் திளைத்தனரேயன்றி, விலைச்சீட்டைக் கேட்கவில்லை.

எனினும், எளிய கருவியை வைத்திருப்பதையே பெருமையாகப் பேசி, புகழ்பெற்ற கருவி உடையாரை ஏளனம் செய்வதும் செருக்கின் மற்றொரு வடிவமே. அவ்விருவரும் கருவியைக் கேளாமலே தீர்ப்புக் கூறுகின்றனர். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது, ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி வள்ளுவர் கூறும் கருத்து. கருவிக்கும் அது பொருந்தும். தேர்வதற்கு முன் செவியும் கையும் சோதிக்கட்டும். தேர்ந்தபின் மனம் அலையாது பயிற்சியில் நிற்கட்டும்.

பெயர் பிறர் தேடி வைத்த புகழ். அதனை எவரும் விலைகொடுத்து வாங்கலாம். விரலில் ஏறும் பயிற்சியையும் செவியில் ஊறும் நுண்மையையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. மாணவர்க்கு ஆசிரியர் முதலில் கற்பிக்க வேண்டியது தலையிலுள்ள எழுத்தைப் படிப்பதையன்று. தந்தியில் எழும் ஒலியைக் கேட்பதையே ஆகும். அங்ஙனம் கேட்கப் பழகியவன், பின்னாளில் மனிதரையும் பட்டத்தால் எடைபோடாது, பண்பால் அறிந்துகொள்வான்.