கடைசியில் வருகிறவன்

நேர்மையாக இருப்பது கஷ்டமா, சுலபமா என்று யாராவது என்னைக் கேட்டால், "யாருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரிய பதவியில் இருப்பவனுக்கும், கோடிக் கணக்கில் பணம் புரளும் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது கஷ்டம் என்று உலகம் ஒப்புக்கொள்கிறது. அவன் கொஞ்சம் சறுக்கி விழுந்தால், "பாவம், அவனுக்கு வந்த சபலம் அப்படி!" என்று பரிந்து பேசக்கூட ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்த லாபத்துக்கும் வழியில்லாத சாமானியனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அவன் நேர்மையாக இருந்தால் அதில் என்ன அதிசயம்? ஒன்றுமே இல்லாத வீட்டில் திருடவில்லை என்பது ஒரு பெருமையா?

நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவர்கள். ஆகையால் இது நம்முடைய கேள்வி. இதைப் பற்றி எனக்கு எத்தனையோ புத்தகங்களைவிட அதிகமாகச் சொல்லிக் கொடுத்தது, சேற்றில் புரண்டு எழுந்து ஆடுகிற ஒரு விளையாட்டு.

அதற்குச் 'சைக்ளோகிராஸ்' என்று பெயர். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுவதும் நடக்கிற சைக்கிள் பந்தயம் அது. ரோட்டில் நடப்பதில்லை. பூங்கா, புல்வெளி, மரத்தோப்பு, மணல்மேடு என்று கிடைத்த இடத்தில் இரண்டு பக்கமும் நாடா கட்டி, வளைந்து வளைந்து செல்லும் ஒரு பாதையை வகுத்துவிடுகிறார்கள். சர்வதேசப் பந்தயங்களில் ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரை இருக்கும். பாதைக்குக் குறுக்கே வேண்டுமென்றே பலகைகளை நிறுத்தி வைப்பார்கள். பலகையின் உயரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி உண்டு. ஓட்டி வருகிறவன் பலகைக்கு முன்னால் குதித்து இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபடியும் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். செங்குத்தான மேடு வந்தால் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பார்கள். இங்கே அது ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று தடவை ஏறுகிறது!

இது பிரான்ஸில் பிறந்த விளையாட்டு. டானியல் கூஸோ என்ற ராணுவ வீரர் 1902-ஆம் ஆண்டிலேயே அங்கே தேசியப் போட்டி நடத்தினார் என்று சொல்கிறார்கள். முதல் உலகப் போட்டி 1950-ஆம் ஆண்டு பாரிஸில் நடந்தது. அதில் ஜெயித்தவர் ழான் ரோபிக். 1947-ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலும் ஜெயித்தவர் அவரே. பிறகு இந்த விளையாட்டு பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. அந்த நாட்டு எரிக் டி விளமின்க் 1966-க்கும் 1973-க்கும் இடையில் ஏழு தடவை உலக சாம்பியனாக வந்தார்.

இதெல்லாம் முன்னால் வருகிறவர்களின் கதை. நான் சொல்ல வந்தது பின்னால் வருகிறவர்களின் கதை. அதைச் சொல்ல எனக்குப் பூரண தகுதி உண்டு.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் மூன்று குளிர்காலங்கள் தங்கியிருந்தேன். அங்கே மூன்று மலைகளின் மேல் ஏறி இறங்கி, 61 கிலோமீட்டர் போகிற ஒரு பிரசித்தமான பந்தயம் 1961-ல் தொடங்கியது. அவ்வளவு பெரிய காரியத்தில் நான் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பூங்காக்களில் நடக்கும் சின்னப் பந்தயங்களில், 50 வயதைத் தாண்டியவர்களோடு சேர்ந்து ஓட்டினேன். பதினோரு பந்தயங்கள். ஒவ்வொன்றும் 40 நிமிஷம். அந்தப் பதினொன்றிலும் கடைசி ஐந்து பேர்களில் நான் ஒருவனாக இருந்தேன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்னோடு ஓட்டியவர்கள் யார்? பள்ளிக்கூட ஆசிரியர், குழாய் ரிப்பேர் செய்கிறவர், பல் வைத்தியர், பேரன் எடுத்த தாத்தா. பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. விசில் ஊதியதும் நாற்பது ஐம்பது பேர் ஒன்றாகப் பாய்வார்கள். முதல் மூன்று நிமிஷத்திலேயே தொண்டை வறண்டு, வாயில் ரத்தச் சுவை தட்டும். சேறு டயரிலும் சட்டத்திலும் அப்பிக்கொள்ள, ஒவ்வொரு சுற்றுக்கும் சைக்கிள் கனத்துக்கொண்டே போகும். ஓரத்தில் நிற்கும் பாட்டிமார்கள் மாட்டு மணியை ஆட்டி உற்சாகப்படுத்துவார்கள். மூன்றாவது சுற்றில், பின்னாலிருந்து ஒருவர் "வலப் பக்கம் வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார். அவர்தான் முதலில் வருகிறவர். என்னைவிட ஒரு முழுச் சுற்று அதிகம் முடித்துவிட்டவர்.

இந்த விளையாட்டில் ஒரு கருணையும் உண்டு. முதல்வர் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு கோட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அங்கேயே பந்தயம் முடிந்துவிடும். அவர் ஏழு சுற்று ஓட்டியிருப்பார். நான் ஐந்து ஓட்டியிருப்பேன். பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'இரண்டு சுற்று குறைவு' என்று போடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பூங்கா சின்னது. அதற்குள் இரண்டு கிலோமீட்டர் பாதையை அடைத்தாக வேண்டும். ஆகையால் பாதை குடல் மாதிரி மடிந்து மடிந்து போகும். நாம் ஓட்டிக்கொண்டிருக்கும் பாதைக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், இன்னும் ஐந்நூறு மீட்டர் சுற்றிய பிறகு நாம் வந்து சேரவேண்டிய பாதை கிடக்கும். நடுவில் இருப்பது ஒரே ஒரு நாடா. குனிந்து நுழைந்தால் அந்த ஐந்நூறு மீட்டர் மிச்சம். அதில் இருக்கும் செங்குத்து மேடும் மிச்சம். காவலுக்கு நிற்கும் தொண்டர்களின் கண்ணெல்லாம் முன்னால் போகிறவர்கள் மேல் இருக்கும். பின்னால் போகிறவர்களில் யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறான் என்பது, கோட்டருகே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இடையில் அவன் எந்த வழியாக வந்தான் என்பது அவருக்கும் தெரியாது.

லாபம் இல்லாதவனுக்குச் சபலம் இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான்காவது சுற்றில் அந்த மேட்டின் அடியில் வந்து நிற்க வேண்டும். மார்பு வெடித்துவிடும் போல் இருக்கும். தோளில் சைக்கிள் அழுத்தும். பக்கத்தில் அந்த நாடா காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு கூப்பிடும். சபலம் என்பது பரிசைப் பார்த்துத்தான் வர வேண்டும் என்பதில்லை. வலியைப் பார்த்தும் வரும். பெரியவர்களைக் கெடுப்பது, "கிடைக்குமே" என்ற ஆசை. நம்மைப் போன்றவர்களைக் கெடுப்பது, "தப்பிக்கலாமே" என்ற ஆசை. முதலாவதற்குத்தான் ஊரில் பெயர் அதிகம். இரண்டாவது சத்தம் போடாமல் வேலை செய்கிறது.

முதல் வகை ஆசைக்கு உதாரணம் இந்த விளையாட்டிலேயே உண்டு. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் பெல்ஜியத்தின் ஸோல்டர் நகரில் உலகப் போட்டி நடந்தது. அதில் ஓர் இளம் வீராங்கனைக்காக வைத்திருந்த சைக்கிளின் சட்டத்துக்குள் மின்சார மோட்டார் ஒன்றை ஒளித்து வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சைக்கிள் தன்னுடையது இல்லை என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். ஆறு வருஷத் தடையும் அபராதமும் விதித்தார்கள். அத்துடன் அவளுடைய பந்தய வாழ்வு முடிந்தது. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பதுதான். இதைப் படித்தால் கோபத்தைவிட இரக்கமே அதிகமாக வருகிறது. ஆனாலும் அங்கே திருடுவதற்கு ஏதோ இருந்தது; பட்டம், புகழ், பணம். அதனால் அந்தக் குற்றம் நமக்குப் புரிகிறது.

இனி இரண்டாவது வகை. டிசம்பர் மாதம். பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தயத்தில் அவர் கடைசிக்கு முந்தியவர், நான் கடைசி. ஓர் இறக்கத்தின் வளைவில் அவருடைய சக்கரம் வழுக்கியது. நாடாவை அறுத்துக்கொண்டு சரிவில் உருண்டு, கீழே மடிந்து வரும் பாதைக்கு அருகிலேயே போய் விழுந்தார். எழுந்து, அப்படியே ஏறி ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். அதை ஏமாற்று என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள். விழுந்த இடத்தில் எழுந்தார் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பாதையைவிட்டு வெளியேறியவன் வெளியேறிய இடத்திலேயே திரும்ப நுழைய வேண்டும் என்பது விதி. கிழவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, வழுக்கும் சரிவில் ஒரு கையை ஊன்றி, மேலே ஏறி வந்தார். சுற்றிலும் ஒரு ஜீவன் இல்லை. மழையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அவர் என்னையும் கவனிக்கவில்லை. அவர் ஏறி முடிப்பதற்குள் நான் தாண்டிப் போனேன். அன்றைய பட்டியலில் அவர் கடைசி. நான் கடைசிக்கு முந்தியவன்.

பிறகு தேநீர்க் கூடாரத்தில் அவரிடம் கேட்டேன்: "யாரும் பார்க்கவில்லையே, அப்படியே போயிருக்கலாமே?"

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "எங்கே போயிருக்கலாம்?" என்றார்.

"முன்னால்."

கொஞ்சம் யோசித்தார். "அந்தத் துண்டை விட்டுவிட்டால் நான் வேறு ஏதோ ஒன்றை ஓட்டினேன் என்று ஆகிவிடும். இதை ஓட்டத்தானே இந்தக் குளிரில் எழுந்து வந்தேன்?" என்றார். பிறகு, கேக் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவ ஆசிரியர் 1978-ஆம் ஆண்டில் விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். விளையாட்டு என்றால் என்ன என்று அவர் கேட்டார். தேவையில்லாத தடைகளை நாமாக ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது அவர் கண்ட முடிவு. எவ்வளவு சரி! பாதைக்குக் குறுக்கே பலகையை வைத்ததும் நாம்தான், தாண்டுவதும் நாம்தான். சும்மா போய்ச் சேர வேண்டுமென்றால் பூங்காவுக்குள் நேர்ப் பாதை இருக்கிறது. ஆகையால் விதியை மீறுகிறவன் விளையாட்டில் ஜெயிக்கவே முடியாது என்கிறார் அவர். ஏனென்றால் மீறிய கணத்தில் அவன் விளையாடவே இல்லை. தத்துவ ஆசிரியர் ஒரு புத்தகம் எழுதி நிரூபித்ததைத் தபால்காரர் கேக்கைத் தேடிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"இதெல்லாம் விளையாட்டுக்குச் சரி ஐயா, வாழ்க்கை விளையாட்டா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பசித்த பிள்ளைக்காகக் குறுக்கு வழியில் நுழைகிறவனை இந்தக் கோலால் அளக்க நான் தயாராக இல்லை. அவன் தானாக விரும்பி அந்த மேட்டின் அடியில் வந்து நிற்கவில்லை. ஆனால் நம்முடைய தினசரித் தவறுகளில் எத்தனை பசியால் வருகின்றன, எத்தனை அலுப்பால் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு நாற்பதாவது பரீட்சைத் தாளைத் திருத்தும் ஆசிரியருக்கு, படிக்காமலே மார்க் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அவருக்கு அதனால் ஒரு காசு லாபம் இல்லை. ரவிக்கையின் உள் தையலை ஒரே வரிசையோடு விட்டுவிடலாம் என்று தையற்காரருக்குத் தோன்றுகிறது. தொடர்கதை எழுதுகிறவனுக்கு, பதினேழாவது வாரத்தில் கதை முடிச்சை அவிழ்க்கத் திராணியில்லாமல், கதாநாயகியின் அண்ணனை ஒரு கார் விபத்தில் தீர்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. இந்த இடங்களிலெல்லாம் ஒரு நாடா காற்றில் படபடக்கிறது. அந்தப் பக்கம் பொற்காசு எதுவும் இல்லை. கொஞ்சம் ஓய்வு இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படிக் குனிந்து போனால் யாருக்கு என்ன நஷ்டம்? மாணவனுக்கும் ரவிக்கைக்காரிக்கும் கொஞ்சம் நஷ்டம் உண்டு. அவர்கள் கண்டுபிடிக்காமலே போகலாம். ஆனால் போகிறவனுக்கு முழு நஷ்டம். அவன் செய்ய வந்த காரியம் எதுவோ அது அவன் கையிலிருந்து நழுவி, அதைப் போலத் தோன்றுகிற வேறு ஒன்று மிஞ்சுகிறது. திருடுவதற்கு ஒன்றுமே இல்லாத வீடு என்று முதலில் சொன்னேன். அந்த வீட்டில் அவனேதான் குடியிருக்கிறான்.

இதைக் கீதை சொல்லும் பலன் கருதாத கடமையோடு சேர்த்துவிடலாமா? கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் முழுவதும் பொருந்தவில்லை. அங்கே போர்க்களம் இருந்தது. எடுத்துச் சொல்லக் கண்ணன் இருந்தான். இந்தச் சேற்றில் யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. வராமல் வீட்டில் தூங்கியிருந்தாலும் ஒரு பாவமும் இல்லை. கடமை இல்லாத இடத்தில், கண்காணிப்பு இல்லாத இடத்தில், பரிசும் இல்லாத இடத்தில், ஒரு காரியத்தின் மேல் உள்ள பிரியம் ஒன்றே மனிதனை நேராக நடக்க வைக்கிறது. 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு மூலத்தில் 'நேசிப்பவன்' என்றுதான் பொருள். அந்தச் சொல்லை நாம் 'அரைகுறை' என்ற அர்த்தத்தில் வழங்குகிறோம்.

முன்னால் வருகிறவனுடைய நேர்மையைக் காப்பாற்ற நடுவர்கள் இருக்கிறார்கள், காமிராக்கள் இருக்கின்றன, சைக்கிளின் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவிகள்கூட இருக்கின்றன. அவனுடைய நேர்மையில் பாதி ஊருக்குச் சொந்தம். கடைசியில் வருகிறவனை யாரும் காவல் காப்பதில்லை. அவன் தவறினாலும் செய்தி இல்லை, தவறாவிட்டாலும் செய்தி இல்லை. அவனுடைய நேர்மை அளவில் மிகவும் சின்னது. ஆனால் அதில் ஒரு தம்பிடிகூடப் பிறர் கொடுத்தது கிடையாது.