மனையிற் புகுந்த சிலந்தியும் கொல்லாமை அறமும்

சைவ நன்மக்கள் பலர் இக்காலத்துக் கடல்கடந்த நாடுகளிற் குடியேறி வாழ்கின்றனர். அந்நாடுகளில் அவர்க்கு நேரும் நிகழ்ச்சிகளுட் சில நம் முன்னோர் கண்டிராதன. ஆயினும் அவற்றுட் கிடக்கும் ஐயங்கள் பழையனவே. அத்தகைய ஐயமொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வேற்று நாட்டினின்றும் வந்து மனையிலும் தோட்டத்திலும் பெருகும் சிலந்திகளை அகற்றுதல் தகுமா? தகுமாயின், கொன்று அகற்றுதலும் தகுமா? வினா சிறிதெனத் தோன்றும். கொல்லாமை எத்துணைச் சிறிய உயிர்வரை செல்லும் என்பதையும், இல்லத்தைக் காக்குங் கடன் எவ்வெல்லையில் நிற்கும் என்பதையும் அது ஒருங்கே கேட்டலின், உண்மையிற் சிறிதன்று.

முதற்கண் பொருளின் இயல்பை அறிவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கீழ்ப் பகுதியில் உள்ளது ஜார்ஜியா மாநிலம். ஜப்பான், கொரியா, சீனம், தைவான் ஆகிய நாடுகளுக்குரிய ஜோரோ என்னும் சிலந்தி அங்குப் புகுந்திருத்தல் 2014-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. கப்பற் சரக்கோடு வந்ததாகல் வேண்டும் என்பர் ஆராய்ச்சியாளர். பெண்சிலந்தியின் உடல் ஏறக்குறைய 1 அங்குல நீளமுடையது. கால்களை விரிப்பின் உள்ளங்கையளவு தோன்றும். மரங்களினிடையும் தாழ்வாரத்தும் வாயிற்புறத்தும் பொன்னிழை போன்ற பெருவலையைக் கட்டும். இலையுதிர் காலத்தில் முட்டையிட்டுக் கடுங்குளிர் வந்ததும் இறந்தொழியும். ஒரு முட்டைப்பையில் 400-க்கு மேற்பட்ட முட்டைகள் இருத்தலும் உண்டு. இளவேனிலில் வெளிப்படுங் குஞ்சுகள் நூலிழை விட்டுக் காற்றிலேறிப் பரவும். தமிழர் பலர் வாழும் அட்லாண்டா நகரைச் சூழ்ந்த இடங்களிலும் இது மிகுந்துள்ளது. ஆகவே இவ்வினா அங்குள்ள சைவர்க்கு வெறும் நூல்வினா அன்று; காலையிற் கதவைத் திறந்தவுடன் எதிர்நிற்கும் வினாவாம்.

இதனைக் கண்டு அஞ்சினோர் பலர். ஆயின் இஃது அஞ்சத்தக்கதன்று. இரையை அடக்கும் நஞ்சு இதற்குண்டு. அது மக்களுயிர்க்குக் கேடு செய்வதன்று. பிடித்து நெருக்கினாலன்றிக் கடிப்பதும் அரிது. ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றிற் பலவகைச் சிலந்திகளின்மேற் சிறிது காற்றை ஊதிப் பார்த்தனர். பெரும்பாலன சிறுபொழுதிற் பழைய நிலைக்கு மீண்டன. ஜோரோவோ ஒருமணி நேரத்திற்கு மேலும் அசையாது ஒடுங்கிக் கிடந்தது. நாம் அதற்கு அஞ்சுகின்றோம். அது நம்மினும் மிக அஞ்சுகின்றது. உருவங் கண்டு கொடுமை கற்பித்தல் அறியாமையின் செயல். அவ்வறியாமை ஏவக் கொல்லுங் கொலை, காப்புக் கருதியதென்று எவ்வாறு பெயர்பெறும்?

எல்லாச் சிலந்தியும் அத்தகையதன்று. ஆஸ்திரேலியாவுக்குரிய செம்முதுகுச் சிலந்தி 1995-இல் ஜப்பானின் ஒசாக்காப் பகுதியிற் காணப்பட்டுப் பின்னர்ப் பிற இடங்களிலும் பரவிற்று. அது வடிகால் மூடியின் கீழும், புறத்தே கிடக்குங் கலங்களினடியிலும், சிலபோது காலணியினுள்ளும் ஒதுங்கும். அதன் கடி கடுநோவும் வியர்வையும் விளைப்பது. குழவிகட்கும் முதியோர்க்கும் இடர் மிகுதி. 1956 முதல் அதற்கு மாற்றுமருந்து வழங்கி வருதலின் இறப்பு மிக அரிதாயிற்று. எனினும் அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆகலின் சிலந்தியெனப் பொதுவாகக் கூறி ஒரே விதி வகுத்தல் பொருந்தாது.

இனிச் சித்தாந்த நெறியில் வைத்து நோக்குவோம். சிலந்தியும் ஓர் ஆன்மாவே. எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதத்துள் ஒன்றில், தன் வினைக்கீடாக இறைவன் கூட்டிய தனு கரண புவன போகங்களைப் பெற்று நிற்பது. அவ்வுடம்பு அதற்குச் சிறையன்று. மலப்பிணி தீர்தற்பொருட்டு அளித்த கருவி. அதனை அழிப்போன் ஓர் உயிர் தன் வினையை நுகர்ந்து கழிக்கும் வழியை இடையிற் குலைப்பவனாகின்றான். கொல்லாமையைத் திருவள்ளுவனார் துறவறவியலுள் வைத்தாராகலின் இல்லறத்தார்க்கு அது வேண்டுவதின்று என்பார் உளர். துறந்தார்க்கு அது நிறைவாக வேண்டப்படும் என்பதே ஆண்டுக் கருத்து, இல்லறத்தார்க்கு விலக்கென்பதன்று.

ஈண்டுச் சில ஆசங்கைகள் எழும்.

வேற்று நாட்டதாகலின் அழித்தல் குற்றமன்று என்பது ஒன்று. உடம்பிற்கே நாடுண்டு, உயிர்க்கு நாடில்லை. மேலும், அச்சிலந்தி தானே கடல்கடந்ததன்று. வாணிகத்தின்பொருட்டு மாந்தன் அனுப்பிய சரக்கிற் சிக்கி வந்தது. வரவழைத்த வினை நம்முடையதாக, தண்டத்தை அதன் தலையில் ஏற்றுதல் நடுவுநிலையன்று.

நம் கையால் இறத்தல் அதன் ஊழ் என்பது மற்றொன்று. அதற்கு அது பிராரத்தமாயின் ஆகுக. நமக்கு அஃது ஆகாமியமாதலை அவ்வூழ் தடுக்குமோ? பிறர் ஊழைக் காட்டித் தன் செயலுக்குக் கணக்குத் தீர்க்க ஒருவனாலும் இயலாது.

பிறவிகளை விரைவிற் கடத்துதலின் கொலையும் மறக்கருணையாகும் என்பது மூன்றாவது. மறக்கருணை, உயிர்தோறும் அதன் பக்குவத்தை அறியவல்ல முதல்வன் ஒருவனுக்கே உரியது. தன் பக்குவமே அறியாத உயிர் பிறிதோர் உயிர்க்கு மறக்கருணை செய்யப் புகுதல், நோய் இன்னதென்றறியாதான் வாளெடுத்து அறுக்கப் புகுதலோடொக்கும்.

நான்காவது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஜோரோ பெருகிய இடங்களில் அந்நிலத்துக்கே உரிய சிலந்திகள் குறைந்து காணப்படுகின்றன. ஒன்றை விடுத்தலாற் பல அழியுமாயின், விடுத்தலும் கொலைக்குத் துணைபோதல் ஆகாதோ? இக்கவலை உயிரிரக்கத்திற் பிறந்ததாகலின் மதிக்கற்பாலது. ஆயினும் இரண்டு நோக்கல் வேண்டும். காற்றிற் பரவும் இயல்பினதாகலின், ஒரு தோட்டத்திற் கொன்றொழித்த இடம் அடுத்த ஆண்டே நிரம்பும். கொலை நம்மேல் நிற்கும், கருதிய பயனோ நில்லாது. நச்சுநீர் தெளிப்பின் அது தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும், காக்கக் கருதிய அந்நாட்டுச் சிலந்தியையும் ஒருசேர மாய்க்கும். நிலமுழுதும் நோக்கி ஆய்ந்து முடிவுசெய்தல் கற்றோர்க்கும் அரசுக்கும் உரிய பொறை. ஒரு மனையாளன் அதனைத் தனக்கு உரிமையாக எடுத்துக்கொள்ளுதல் பெரும்பாலும் அருவருப்பிற்கு அறத்தின் ஆடையை உடுத்துதலேயாம்.

அங்ஙனமாயின் வாளா இருத்தலே கடனோ? அன்று. அகற்றுதல் வேறு, கொல்லுதல் வேறு. திருவலகிடுதலும் உழவாரப்பணியும் சைவர்க்கு அயலன அல்ல. திருக்கோயிலின் ஒட்டடை நீக்குதல் சிவபுண்ணியமே. இல்லத்தைத் தூய்மையுற வைத்தலும் இல்லறக்கடனே. அதற்கு ஒருமுறை உண்டு. வேண்டாத விளக்கை இரவில் அவித்தால் பூச்சிகள் குறையும். பூச்சி குறையச் சிலந்தியும் குறையும். சுவரின் வெடிப்பையும் கதவின் இடைவெளியையும் அடைத்தல் வேண்டும். குவிந்து கிடக்கும் விறகையும் வெற்றுக்கலங்களையும் ஒழுங்கு செய்தல் வேண்டும். வழியிற் கட்டிய வலையை நீண்ட கோலாற் சுருட்டிச் சிலந்தியை அக்கோலோடே தன் தோட்டத்து மரத்தில் விடுத்தல் வேண்டும். அயலான் வாயிலில் எறிதல் ஆகாது. வண்டியிலும் செடித்தொட்டியிலும் முட்டைப்பை ஒட்டியுளதோ எனப் பார்த்த பின்னரே அவற்றைப் பிறவூர்க்குக் கொண்டுபோதல் வேண்டும். மேலே கூறியவாறு மாந்தன் செய்த பரப்புதலாகிய பிழையை இனியேனும் மிகுவியாதிருத்தல் இவ்வாறே இயலும்.

செம்முதுகுச் சிலந்தி போல்வன குழவி தவழும் இடத்தில் இருப்பின் என் செய்வது? கையுறை பூண்டு கலத்துள் அடக்கி அகற்றக் கூடுமாயின் அதுவே தக்கது. கூடாதவிடத்துத் தன்னை அடைந்த குழவியைக் காவாமை பெருங்குற்றம். ஆகவே கொல்ல நேர்தலும் உண்டு. அங்கே யாம் வற்புறுத்துவது ஒன்றே. அதனைச் சினமின்றியும் களிப்பின்றியும் துன்பம் நீளாதவாறும் செய்க. செய்தபின் அதனைப் புண்ணியமென்று சொல்லற்க. பாவம் குறைந்ததென்பது பாவம் இல்லையென்பதாகாது. மனம் வாக்குக் காயங்களாற் செய்யும் இதமும் அகிதமும் வினையாமன்றோ? கருத்தின் தூய்மை அகிதத்தின் கடுமையைத் தணிக்கும். அதன் பெயரை மாற்றாது. வேறு வழியின்மையாற் செய்தேமென்று இறைவன் திருமுன் ஒப்பி இரங்குவோனது உள்ளம் கனியும். கொல்லும் உரிமை தனக்குண்டென்று நிமிர்வோனது உள்ளம் இறுகும். இவ்விறுக்கமே கொலையினும் கொடிதாகின்றது. அது மறுகொலையை எளிதாக்குமாகலின்.

திருவானைக்காவின் வரலாறு நம்மனோர் அறிந்ததே. வெண்ணாவல் நிழலில் எழுந்தருளிய பெருமான் திருமேனியிற் சருகு விழாமற் காக்கச் சிலந்தி மேற்கட்டியாக வலை இழைத்தது. நீராட்டி வழிபட வந்த யானை அதனைத் தூய்மைக்கு இழுக்கென்று கருதி அழித்தது. மீண்டும் இழைத்த சிலந்தி, மீண்டும் அழிக்கக் கண்டு, துதிக்கையுட் புகுந்து கடித்தது. யானையும் மாண்டது, சிலந்தியும் மாண்டது. யானைக்கு இறைவன் அருள்புரிந்தனன். சிலந்தி கோச்செங்கட் சோழராய்ப் பிறந்து மாடக்கோயில்கள் பல எடுத்தது. இவ்வரலாற்றிற் சிலந்தியின் பெருமையைப் பலரும் பேசுவர். யானையை நோக்குவார் சிலர். அதன் அன்பிற் குறைவில்லை. தூய்மை விழைந்ததும் குற்றமன்று. அவ்வலை எதற்காக என்று அறியப் புகாமையே அதன் குறை. துடைப்பமும் கோலும் ஏந்தி மனையைத் தூய்மை செய்யப் புகும் நாம் நிற்பது அவ்யானையின் இடத்திலேயாம். இறைவன் இரண்டற்கும் அருளினான் என்பது அவன் கருணையைக் காட்டும். நம் கைக்கு உரிமை தந்ததாகாது.

ஆதலின், அறிந்த பின்னரே அஞ்சுக. புகாமற் காத்தலை முதலிலும் உயிரோடு அகற்றுதலை அடுத்தும் செய்க. கொலையை வேறு வழியற்ற இடத்தன்றிக் கருதற்க. கருத நேர்ந்துழி அதன் பொறையைத் தானே ஏற்க. எட்டுக்காற் சிற்றுயிர் ஒன்றனிடத்து இவ்வொழுங்கு பழகிய உள்ளம் பேருயிர்களிடத்துத் தவறுதல் அரிது.

திருச்சிற்றம்பலம்.