குடோன் கணக்கும் அமானிதமே



காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரிப் பக்கம் இன்று குடோன்கள் பெருகிவிட்டன. அப்படியொரு குடோனில் இருப்புக் கணக்கு எழுதும் வாலிபர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மைத் தனியே அழைத்தார்.

"ஹஜ்ரத், அவசரமாக லாரியில் ஏற்றிய பன்னிரண்டு பெட்டிகளைப் பதிய மறந்துவிட்டேன். மாதக் கடைசியில் எண்ணியபோது குறைந்தது. எனக்கு நினைவு வந்தது. பயத்தில் வாய் திறக்கவில்லை. இரவுக் காவலாளி திருடியதாகச் சொல்லி அவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். தவ்பா செய்துவிட்டேன். போதாதா?"

போதாது என்றோம். இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. கணக்கைத் திருத்தி, முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, காவலாளியின் பணம் திரும்ப வழி செய்து, அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். "வேலை போய்விட்டால்?" என்றார். போகலாம், அதை நாம் மறைக்கவில்லை.

யூசுஃப் (அலை) அவர்களைப் பாருங்கள். மிஸ்ரு நாட்டு மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம் வம்சத்தையோ அழகையோ அவர்கள் சொல்லவில்லை. காக்கவும் தெரியும், அறியவும் தெரியும் என்றுதான் சொன்னார்கள். பூட்டு மட்டும் போதாது. உள்ளே எத்தனை மூட்டை என்பதும் தெரிய வேண்டும். ஏழாண்டு சேமிப்பை ஏழாண்டுப் பஞ்சம் தின்னப்போகிறது. அங்கே எண்ணிக்கை தவறினால் பட்டினி யாருக்கு?

சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், திருமறையிலேயே மிக நீளமானது, கடனைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சொல்கிறது. உடனுக்குடன் கைமாறும் வியாபாரத்துக்கு அதில் சலுகையும் உண்டு. சிலர் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். குடோன் சரக்கு அப்படியா? ஒருவர் இறக்க, வேறொருவர் அடுக்க, மூன்றாமவர் ஏற்றுகிறார். அதுவும் பிறர் பொருள்!

ஆகவே சரக்கு நகர்ந்த அந்த நேரத்திலேயே பதியுங்கள். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதாதீர்கள். உடைந்ததை உடைந்ததென்றே, தேதியோடு எழுதுங்கள். தவறிய பதிவை அழிக்காமல், கீழே திருத்தப் பதிவு போடுங்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்பீர்கள். நாம் காட்டாத பெட்டியை அது எப்படிப் படிக்கும்?

கடை வைத்திருப்போருக்கும் இதில் பங்குண்டு. வியாபாரச் சரக்கின் ஜகாத் நாற்பதில் ஒன்று. இருப்பே தெரியாதவர் எதில் நாற்பதைப் பிரிப்பார்?

சொன்னபடி கொடுக்கும் நம்பிக்கையான களஞ்சியக்காரருக்கும் தர்மத்தின் நன்மையில் பங்கு உண்டென்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. பொருள் அவருடையதல்ல, நன்மை அவருக்கும்!

அடுத்த ஜும்ஆவில் அந்த வாலிபர் வந்தார். காவலாளியின் பணம் திரும்பக் கிடைத்துவிட்டதாம். கணக்குப் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. இவர் இப்போது லோடு ஏற்றுகிறார்.