கணக்கெழுதுபவனுக்கும் பங்கு உண்டா?

பார்க்டேல் ஜேம்சன் வீதியில் வசிக்கும் தம்பி ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். இராணுவத்துக்குப் பொருட்களை ஏற்றியிறக்கும் நிறுவனமொன்றில், கணக்குப் பிரிவில், அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. "அண்ணை, குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள் இந்த வேலைக்குப் போகலாமோ? நான் துவக்குத் தூக்கப் போறதில்லைத்தானே?" என்றார்.

ஆயுதம் எடுப்பதில்லை என்று உறுதிகூறிய கண்ணன் குருக்ஷேத்திரத்தில் ஏற்றது தேரோட்டும் வேலை. ஆயினும் போர் முடிந்தபின் காந்தாரி சபித்தது அவனையே. 'தேர்தானே ஓட்டினேன்' என்று அவன் தப்பிக்கொள்ளவில்லை, சாபத்தை ஏற்றுக்கொண்டான்.

நமக்குக் கிட்டிய உதாரணம் சயாம்-பர்மா ரயில்பாதை. பர்மாப் போர்முனைக்குப் படைகளையும் தளபாடங்களையும் அனுப்புவதற்காக யப்பானிய இராணுவம் 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 415 கிலோமீற்றர் நீளத்துக்கு அதனை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டனர். யார் போவது என்று பட்டியல் எழுதியவர்களுள் தோட்டத்துக் கிராணிமாரும் இருந்தனர். அவர்கள் கையில் இருந்தது பேனை மட்டுமே. மறுத்தால் அவர்களுக்கும் ஆபத்து இருந்தது. இரண்டையும் சேர்த்தே நிறுக்கவேண்டும்.

அதற்கொரு தராசு கனடாவில் உண்டு. 2013 இல் எசோகோலா வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், ஓர் அமைப்பைச் சேர்ந்திருந்தார் என்பதற்காக மாத்திரம் அகதி ஒருவரைக் குற்றத்துக்கு உடந்தை எனக் கொள்ளலாகாது என்றது. சுயவிருப்புடன், அறிந்துகொண்டு, குறிப்பிடத்தக்க அளவில் பங்களித்தாரா என்றே பார்க்கவேண்டும்.

மனச்சாட்சி இன்னும் ஒன்று கேட்கும்: அறியக்கூடியதை அறியாமல் இருந்துவிட்டோமா?

ஊரில் நாம் ஒரு போக்குவரத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதினோம். இராணுவம் இரவல் வாங்கிய பஸ்களுக்கு ஊற்றிய டீசலையும் பதிந்தோம். ஒரு லீற்றர்கூடப் பிழைக்கவில்லை. அந்தப் பஸ்கள் யாரை ஏற்றின, எங்கே இறக்கின என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்பது உண்மை. கேட்காமல் இருப்பது வசதியாகவும் இருந்தது என்பதும் உண்மை.

ஆகவே தம்பிக்குச் சொன்னோம்: "வேலையில் சேர முன்னம் கேளும். என்ன ஏற்றுகிறார்கள்? எந்த யுத்தத்துக்குப் போகிறது? கூடாரமும் மருந்தும் என்றால் போம். பிறர் வீட்டுக் கூரையில் விழப்போகும் குண்டு என்றால் ஒப்பமிடாதேயும். கிராணிக்குக் கேட்கும் சுதந்திரம் இருக்கவில்லை, உமக்கு இருக்கிறது."

முதலாந் திகதி வாடகை கட்டவேண்டிய பிள்ளைக்கு இது இலகுவான புத்திமதி அல்ல என்பதையும் நாம் அறிவோம்.