பார்க்கப் போவதும் பார்த்துக்கொள்வதும்

பெற்றாரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை. இதை எமக்கு ஒருவரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பேணுவது என்றால் என்ன? அவர்களை எம்முடன் வைத்திருப்பதா, அல்லது அவர்கள் விரும்பிய இடத்தில் வாழவிட்டு அடிக்கடி போய்ப் பார்ப்பதா? ஊரில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை. ஒரே வளவுக்குள், அல்லது கூப்பிடு தூரத்தில் எல்லோரும் இருந்தோம். புலம்பெயர்ந்த நாட்டிலோ இது பல வீடுகளில் எழுகின்றது. எங்கள் வீட்டில் எழுந்த விதத்தை இங்கு சொல்கிறோம். அடியார்கள் பலருக்கும் இதே நிலை இருக்கலாம் என்பதனாலேயே எழுதத் துணிந்தோம்.

எங்கள் அம்மா பிரான்சின் நடுப்பகுதியில், க்ரேஸ் மாவட்டத்தின் ஒரு சிறு கிராமத்தில் தனியாக வாழ்கிறார். எங்களில் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமி. இருவருமே அம்மா என்றுதான் அழைப்போம். தம்பிக்கு அங்கே மர ஆலை ஒன்றில் வேலை கிடைத்தபோது அவர் குடும்பத்துடன் போனவர். பின்னர் தம்பி குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. அம்மா போகவில்லை. கல்லால் கட்டிய பழைய வீடு, பின்னால் கொஞ்சம் நிலம். வெந்தயக்கீரை, பூசணி, தக்காளி, யன்னலோரச் சட்டியில் பச்சை மிளகாய். குசினி மூலையில் நல்லூர்க் கந்தன் படம். இதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் லிமோஜ் பக்கம் போகும் புகையிரதத்தில் ஏறினால், லா சூத்தரேன் நிலையத்தில் இறங்க ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து வாடகைக் கார். ஒரு கையில் லாச்சப்பலில் வாங்கிய கறிவேப்பிலை, முருங்கைக்காய், புழுக்கொடியல். மறு கையில் பிள்ளைகளின் பை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போவோம். ஒரு பகல் இருந்து, மருந்துகளைச் சரிபார்த்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து, “கவனமாய் இருங்கோ” என்று சொல்லிவிட்டு மாலையில் திரும்புவோம்.

அந்த மாவட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் வசந்தகாலம் பிறந்ததும் பாரிசுக்குக் கட்டட வேலைக்குப் போய், குளிர்காலத்தில் ஊர் திரும்பினார்கள். இன்று நாம் பார்த்து வியக்கும் பாரிஸ் கட்டடங்கள் பலவற்றில் அவர்களின் கைவேலை இருக்கிறது. 1830இல் 14 வயதில் தந்தையுடன் அப்படி நடந்தே போன மார்த்தன் நதோ என்பவர் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த தாய்மாரின் ஊர் அது. எங்கள் அம்மா அங்கே அந்நியராக உணராததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நாம் நினைப்பதுண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதக் குளிரில், அம்மா விடியற்காலையில் குசினியில் வழுக்கி விழுந்தார். எழும்ப முடியவில்லை. தொலைபேசி அறையில் இருந்தது. பக்கத்து வீட்டு மதாம் தினமும் காலையில் அம்மாவின் யன்னல் மரக்கதவுகள் திறப்பதைப் பார்ப்பவர். அன்று ஒன்பது மணியாகியும் அவை திறக்கவில்லை. தன்னிடமிருந்த திறப்புடன் ஓடிவந்தார். அதுவரை, ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அம்மா குளிர்ந்த தரையிலேயே கிடந்திருக்கிறார்.

அதன் பின் யோசிக்க எங்களுக்கு என்ன இருந்தது? வைத்தியசாலையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பாரிஸ் புறநகரில் ஆறாம் மாடி. கோயிலில் கண்டவர்கள் எல்லோரும் “நல்ல வேலை செய்தீர்கள்” என்றார்கள். முன்பு “அம்மாவைத் தனிய விட்டிட்டீங்களோ?” என்று கேட்டவர்களும் அவர்களே. எங்களுக்கும் இரவில் நித்திரை வந்தது.

அம்மாவுக்கு வரவில்லை. நாங்கள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவோம். பிள்ளைகள் வந்தாலும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்கள். கிராமத்தில் தோட்டத்து வேலிக்கு மேலால் அரைகுறைப் பிரெஞ்சில் மதாமோடு கதைத்தவர், எங்கள் வீட்டில் வாய் திறக்காமல் யன்னலோரம் இருந்தார். மூன்று மாதத்தில் நடையும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. ஒருநாள் இரவு மெதுவாகக் கேட்டார்:

“பிள்ளையள், என்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குப் பயம். உங்கட பயத்துக்கு நான் எத்தனை நாளைக்கு மருந்தாய் இருக்கிறது?”

எங்களிடம் மறுமொழி இல்லை. அம்மாவின் நன்மைக்காகச் செய்ததாகவே நினைத்திருந்தோம். உண்மையில் எங்கள் நித்திரைக்காகவும், கோயில் மண்டபத்தில் தலைநிமிர்ந்து நிற்பதற்காகவும் செய்த பங்கு அதில் எவ்வளவு?

அப்படியானால் பெற்றார் விருப்பப்படி விட்டுவிடுவதுதான் சரியா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. 2003 ஆவணியில் பிரான்சில் வீசிய கடும் வெப்பத்தில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், அவர்களிலும் பலர் தனியாக வாழ்ந்தவர்கள். பாரிசில் உரிமை கோர ஒருவரும் வராத 57 பேரைப் புரட்டாதி 3ஆம் திகதி தியே மயானத்தில் அடக்கம் செய்தபோது, குடியரசுத் தலைவர் சிராக் நேரில் போய் நின்றார். அந்த முதியவர்களிலும் “நான் தனியே இருப்பேன்” என்று சொன்னவர்கள் இருந்திருக்கலாம். அதை ஏற்றுக்கொண்டு போனவர்கள் பிறகு திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். “அவர் விருப்பம்” என்ற சொல் சோம்பலுக்கு நல்ல போர்வை.

சட்டமும் ஓரளவுக்குத்தான் உதவும். பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் 205ஆம் பிரிவு, வறுமையில் உள்ள பெற்றாருக்குப் பிள்ளைகள் வாழ்க்கைச் செலவு கொடுக்க வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு மருமக்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் போய்ப் பார்க்கும்படி அது சொல்லவில்லை. 2017 முதல் பிரெஞ்சுத் தபால் நிறுவனம், கட்டணம் செலுத்தினால் தபால்காரர் பெற்றாரின் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்துப் பிள்ளைகளுக்கு அறிவிக்கும் சேவையை நடத்துகின்றது. தேவையானவர்களுக்கு அது நல்ல உதவியே. ஆயினும் தபால்காரர் போனதால் நாம் போனதாகிவிடாது.

இரண்டு பக்கமும் பிழை நேரக்கூடும் என்றால் எதைக் கொண்டு அளப்பது? நாங்கள் கண்ட அளவுகோல் இதுதான்: எடுக்கும் முடிவின் விலையை யார் கொடுக்கிறார்கள்? அம்மாவைக் கூட்டிவந்தபோது முழு விலையையும் அவரே கொடுத்தார். அவரை அங்கே விட்டு ஆண்டுக்கு மூன்று முறை எட்டிப் பார்த்தபோதும் அவரே கொடுத்தார். எங்களுக்கு ஒரு செலவும் வைக்காத மரியாதையை மரியாதை என்று எப்படிச் சொல்வது?

மாம்பழக் கதை எல்லோரும் அறிந்ததே. பிள்ளையார் அம்மையப்பரை வலம்வந்து கனியைப் பெற்றார். வலம்வருபவர் நடுவில் இருப்பவரை அசைப்பதில்லை, தானே நடக்கிறார். கதையின் மறுபாதியையும் நினைக்க வேண்டும். கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைத் தேடி அம்மையும் அப்பனும் போனார்கள். கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. அந்த மலையே அவனுக்கு வீடாயிற்று. எங்கள் வீட்டில் மலையேறியவர் அம்மா. தேடிப் போகவேண்டியவர்கள் நாங்கள்.

அந்த ஆண்டு வைகாசியில் அம்மாவைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தானுக்கு ஏற்பாடு செய்தோம். முதியோருக்கான அரசாங்கக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்ததில், வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண் உதவிக்கு வருகிறார். கோடை வெப்பத்தில் கவனிக்கப்பட வேண்டியவர்களுக்காக நகரசபை வைத்திருக்கும் பட்டியலில் பெயரைப் பதிந்தோம். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் எல்லா ஊர்களிலும் இந்தப் பட்டியல் உண்டு. ஆனால் கேட்டுப் பதிந்தால்தான் பெயர் சேரும். இதை வாசகர்கள் மறக்கக்கூடாது.

எங்கள் பங்குக்கு, மாதத்தின் முதல் சனிக்கிழமையை அம்மாவுக்கு என்று ஒதுக்கினோம். கொண்டாட்டங்கள் சில தவறின, மேலதிக வேலையின் பணமும் குறைந்தது. இப்போது போனால் இரவு தங்குகிறோம். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சோதிப்பதில்லை. அம்மா சொல்லும் இடத்தில் மண்ணைக் கொத்துகிறோம். எங்கள் மகன் மதாமுக்கு விறகு அடுக்கிக் கொடுத்துவிட்டு, அம்மம்மாவிடம் வந்து பூசணிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

அம்மா மீண்டும் விழலாம். யன்னல் திறக்காத காலை ஒன்று வரலாம், அன்று நாங்கள் தொலைவில் இருக்கலாம். அந்தப் பயம் எங்களை விட்டுப் போகவில்லை. முன்பு அதை அம்மாவின் தலையில் வைத்தோம். இப்போது நாங்கள் சுமக்கிறோம். பிள்ளைகளின் கடமையில் அதுவும் ஒரு பங்கு என்று எங்களுக்குத் தோன்றுகின்றது.

தூரத்தில் பெற்றார் உள்ள ஒவ்வொருவரும் அடுத்து எப்போது போவோம் என்று இன்றே ஒரு திகதி குறித்துக்கொள்வோமாக. போய்வர உடல்நலமும், அவர்கள் சொல்வதைக் கேட்கப் பொறுமையும் விநாயகப் பெருமான் எமக்கு அருள்வாராக.