வயிற்றில் பிள்ளை, கையில் பின்னல்

 



இன்றைய ஜுமுஆவில் பேசப்போவது ஒரு பெண் கேட்டனுப்பிய கேள்வியைப் பற்றி. ஆனால் பதிலில் பெரும்பகுதி ஆண்களுக்கு உரியது. அதனால்தான் இதைத் தனியாகப் பதில் சொல்லி முடித்துவிடாமல் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

வீட்டிலிருந்தபடியே உல்லன் நூலில் குழந்தைகளுக்கான தொப்பி, காலுறை, ஸ்வெட்டர், போர்வை என்று பின்னி விற்கிற பெண் அவர். நீலகிரி போன்ற குளிர்ப் பகுதிகளில் இது பழைய கைத்தொழில். கைபேசி வந்தபிறகு சமவெளியிலும் பரவிவிட்டது. படம் போடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது, பாதித் தொகையை முன்பணமாக வாங்கி அதில் நூல் வாங்குகிறார்கள். இவருக்கு இப்போது எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. கையில் பதினைந்து ஆர்டர் நிற்கிறது. பின்னல் ஊசியைப் பிடித்தால் சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. அவர் கேட்டது இவ்வளவுதான்: “ஹஸ்ரத், வாக்குக் கொடுத்துப் பணமும் வாங்கிவிட்டேன். முடிக்காமல் விட்டால் குற்றமா? முடிக்கப் போய் என் உடம்புக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிட்டால், அது குற்றமா?”

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, “இதெல்லாம் எதற்கு, விட்டுத் தொலை.” மற்றொன்று, “எங்கள் காலத்தில் வலி எடுக்கும்வரை மாவு இடித்தோம், உனக்கு உட்கார்ந்து பின்னுவதற்கு என்ன?” முதல் பதில் அவர் கொடுத்த வாக்கை மதிக்கவில்லை. இரண்டாவது பதில் அவர் உடம்பை மதிக்கவில்லை. கேள்வி கேட்டவர் இரண்டையும் மதிக்கிறார். அதனால்தான் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் அந்த வேலையின் கண்ணியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிற ஒரு செய்தி புகாரியில் வருகிறது. ஒரு பெண்மணி கரையோடு நெய்த ஒரு போர்வையைக் கொண்டுவந்து, தன் கையாலேயே நெய்ததாகச் சொல்லி நபி (ஸல்) அவர்களுக்குக் கொடுத்தார். அது தேவைப்பட்ட நிலையில் இருந்த அண்ணலார் அதை வாங்கிக்கொண்டு, உடுத்தியபடியே வெளியே வந்தார்கள். ஒருவர் அதைக் கேட்க, அவருக்கே கொடுத்துவிட்டார்கள். கேட்டவருக்குப் பின்னாளில் அதுவே கஃபனாக ஆனது. நெய்த பெண்ணின் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. ஆனால் அவருடைய கைவேலை நபியின் மேனியில் இருந்தது. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கையால் உழைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர்கள். ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு என்று நான்காவது அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். எனவே “பொம்பளைக்கு எதுக்கு வியாபாரம்” என்பதை மார்க்கத்தின் பெயரால் யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது வாக்கு. ஒரு பெண் நூலை உறுதியாக நூற்றபிறகு அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடும் காட்சியை அந்-நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் அல்லாஹ் காட்டுகிறான். மக்காவில் அப்படி ஒரு பெண் இருந்தாள், நூற்றதையெல்லாம் அவளே பிரித்துப்போடுவாள் என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். சத்தியத்தையும் உடன்படிக்கையையும் முறிப்பவர்களுக்கு அவளைப் போல ஆகிவிடாதீர்கள் என்று எச்சரிக்கை. பின்னுகிற பெண்ணுக்கு இந்த உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு கண்ணியை விட்டு இழுத்தால் ஒரு வாரத்து வேலை எப்படிக் கழன்று மடியில் விழும் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே ஆர்டர் என்பது விளையாட்டல்ல. பணம் வாங்கி, அளவும் நிறமும் நாளும் பேசி ஒப்புக்கொண்டால் அது ஓர் ஒப்பந்தம். செய்து தரச் சொல்லி வாங்குவதை ஹனஃபி ஃபிக்ஹில் இஸ்திஸ்னாஃ என்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் இதை ஸலம் என்ற முன்பண விற்பனையின் நிபந்தனைகளோடு பார்ப்பார்கள். விவரம் இப்போது வேண்டாம். நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: பேசிய நாளில் கொடுக்க முடியாமல் போனால், காத்திருப்பதா, பணத்தைத் திரும்ப வாங்குவதா என்று வாங்குபவரிடம் கேட்க வேண்டும். அவரிடம் மறைத்துவிட்டு நாள் கடத்துவதுதான் தவறு.

இப்போது எதிர்ப்பக்கம் வருவோம். பிறக்காத பிள்ளைக்கு உரிமை உண்டா? அதற்குப் பெயர் இல்லை, முகம் தெரியவில்லை, வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. வாடிக்கையாளரோ தினமும் கேட்கிறார். கேட்கிறவரின் உரிமை பெரிதாகத் தெரியும், கேட்காதவரின் உரிமை கண்ணில் படாது. இது மனித இயல்பு. ஆனால் நம் வாரிசுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு ஒருவர் இறந்துபோனால், வயிற்றிலுள்ள பிள்ளையின் பங்கை எடுத்து நிறுத்தி வைக்க வேண்டும். மற்ற வாரிசுகள் எவ்வளவு அவசரப்பட்டாலும் அந்தப் பங்கைத் தொட முடியாது. பேசத் தெரியாத, வெளியே வராத ஒரு ஜீவனைச் சொத்துக் கணக்கில் ஓர் ஆளாகவே ஷரீஅத் உட்கார வைத்திருக்கிறது. சொத்தில் பங்கு உள்ள பிள்ளைக்குத் தாயின் ஓய்விலும் தூக்கத்திலும் பங்கு இருக்காதா?

அந்தத் தாயின் உடம்புக்கும் ஹக் இருக்கிறது. பலவீனத்தின் மேல் பலவீனமாகத் தாய் சுமந்தாள் என்று லுக்மான் அத்தியாயத்தில் அல்லாஹ்வே சொல்கிறான். அவன் பலவீனம் என்று பெயரிட்டதை நாம் சோம்பல் என்று பெயர் மாற்றக் கூடாது. கர்ப்பத்தின் பிந்தைய மாதங்களில் உடம்பில் நீர் தேங்கி, மணிக்கட்டின் நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போவது பல பெண்களுக்கு வருகிற ஒன்று என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்கிற கைக்கு அது இன்னும் கடினம். ஒரு சின்னத் தொப்பிக்கே கைப்பழக்கம் உள்ளவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், ஸ்வெட்டருக்கு நாட்கணக்கு, போர்வைக்கு வாரக்கணக்கு. “சும்மா உட்கார்ந்துதானே பின்னுகிறாள்” என்கிற மாமிமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆக, இந்தப் பக்கம் வாக்கு. அந்தப் பக்கம் பிள்ளையும் உடம்பும். எதை விடுவது?

நான் ஓதியதில் இதற்கு மிக நெருக்கமான வெளிச்சமாக எனக்குத் தெரிவது நோன்பின் சட்டம். பயணியிடமிருந்து தொழுகையில் பாதியையும், பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோரிடமிருந்து நோன்பையும் அல்லாஹ் இறக்கி வைத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதீ முதலிய நூல்களில் வருகிறது. ரமளான் நோன்பு யாருடைய உரிமை? அல்லாஹ்வின் உரிமை. அதைவிடப் பெரிய ஆர்டர் எது? அதை அவன் என்ன செய்தான்? ரத்துச் செய்யவில்லை. “எப்படியாவது பிடித்தே ஆகு” என்று நெருக்கவும் இல்லை. தவணை கொடுத்தான். தாய்க்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்றால் இப்போது விட்டுவிடு, முடியும்போது களாச் செய் என்றான். (ஃபித்யாவும் சேர்ந்து வருமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு உண்டு. அதை ஷஅபானில் பேசுவோம்.) கடன் கடனாகவே இருக்கிறது, தவணை மட்டும் நீள்கிறது.

அல்லாஹ்வே தன் உரிமைக்குத் தவணை தருகிற ஒருத்தியிடம், நானூறு ரூபாய்த் தொப்பிக்கு நாம் தவணை தர மாட்டோமா?

அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான். நீங்கள் குற்றவாளி அல்ல. பதினைந்து பேருக்கும் இன்றே உண்மையைச் சொல்லுங்கள்: பிரசவம் நெருங்குகிறது, இத்தனையைத்தான் முடிக்க முடியும், மற்றவை இத்தனை மாதம் தள்ளிப்போகும், காத்திருக்க விருப்பமில்லாதவர்களுக்கு முன்பணம் திரும்பக் கிடைக்கும். யார் ஆர்டர் அவசரம், எது உங்கள் கையால் முடியும் என்று பார்த்து இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றும் ஏற்க வேண்டாம். பின்னத் தெரிந்த இன்னொரு பெண்ணிடம் கொடுத்து முடிக்கலாம், ஆனால் வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான். “என் கையால் பின்னியது” என்று விளம்பரம் செய்துவிட்டு, நெருக்கடியில் இயந்திரத்தில் பின்னியதைக் கடையில் வாங்கி, உறை மாற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது மோசடி. மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்ல என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதில் கர்ப்பிணிகளுக்கு விலக்கு இல்லை.

இங்கேதான் சிக்கல். முன்பணம் நூலாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கக் கையில் காசில்லை. காசில்லாததால் பின்னுகிறார், கை மரத்தாலும் பின்னுகிறார்.

கணவன்மார்களே, இனி உங்களிடம் பேசுகிறேன்.

அவருடைய சம்பாத்தியம் அவருடையது. அதில் அவர் வீட்டுக்குச் செலவழித்தால் அது உங்களுக்கு அவர் செய்யும் உபகாரம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி), தம் கணவருக்காகச் செலவிடலாமா என்று கேட்டபோது, உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்திற்கு ஒன்று என இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். தர்மம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கடமையாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உங்கள் வண்டியின் மாதத் தவணை அவருடைய பின்னல் காசில் போகிறது என்றால், நீங்கள் தர்மம் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வாங்குவது ஹலால்தான். ஆனால் எட்டாம் மாதத்திலும் அது வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு, பிள்ளையின் காரணமாகத் தாயும் வருத்தப்படக் கூடாது, தந்தையும் வருத்தப்படக் கூடாது என்று அல்பகரா 233ஆம் வசனம் வரைந்து கொடுத்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய முன்பணத்தை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். முடியாவிட்டால் அவருக்காக நீங்கள் போய்த் தவணை கேளுங்கள்.

அலுவலகத்திலும் ஆலையிலும் வேலை செய்யும் பெண்ணுக்காவது ஒரு சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றானது. வீட்டில் உட்கார்ந்து சுயமாகப் பின்னுகிறவருக்கு முதலாளி யார், விடுப்புத் தருவது யார்? தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் என்று இருக்கிறது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உரியது. தகுதியுள்ளவர்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பெறுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விடுப்பு என்ற ஒன்றை அவருக்கு வீடுதான் கொடுக்க வேண்டும்.

வாடிக்கையாளர்களிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் வாங்குவது பெரும்பாலும் ஒரு பச்சிளங்குழந்தைக்கான உடை. அதைப் பின்னுகிறவருக்கும் ஒரு குழந்தை வரப்போகிறது. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தொப்பி பின்னிய பெண், தன் பிள்ளைக்கு ஒன்று பின்ன நேரமில்லாமல் பிரசவத்துக்குப் போவதும் நடக்கிறது. நபி (ஸல்) அவர்கள் நீண்ட தொழுகையை எண்ணித் தக்பீர் கட்டி, ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும், அதன் தாய்க்குச் சிரமமாகிவிடக் கூடாதே என்று தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். பின்னால் நின்ற ஸஹாபாக்களின் நீண்ட தொழுகை ஒரு தாய்க்காகக் குறைந்தது. உங்கள் பொருள் இரண்டு மாதம் தாமதமானால் ஒன்றும் குறைந்துவிடாது.

இறுதியாக மர்யம் (அலை) அவர்களின் பிரசவம். வலியில் பேரீச்ச மரத்தடியில் இருந்தவர்களுக்கு, மரத்தை உலுக்குங்கள், பழம் விழும் என்று கட்டளை வந்தது. “பார்த்தீர்களா, பிரசவ வேதனையிலும் முயற்சி வேண்டும்” என்று பலர் பயான் செய்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் வந்த சொல், கவலைப்படாதீர்கள் என்பது. உலுக்குவதற்கு முன்பே காலடியில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தது இன்னும் அழகு: சாப்பிடுங்கள், பருகுங்கள், கண் குளிருங்கள், யாரையாவது பார்த்தால் இன்று நான் எந்த மனிதரோடும் பேச மாட்டேன் என்று நேர்ச்சை செய்திருப்பதாகத் தெரிவித்துவிடுங்கள். அந்த மௌன நோன்பு நம் ஷரீஅத்தில் இல்லை. நான் இதிலிருந்து சட்டம் எடுக்கவில்லை. ஆனால் பிள்ளை பெற்ற ஒரு தாய் எல்லாருடைய கேள்விக்கும் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற சலுகையை அன்று அல்லாஹ்வே கொடுத்திருக்கிறான். சகோதரியே, சொல்ல வேண்டியதை இப்போதே எல்லாருக்கும் சொல்லிவிட்டு, பிரசவத்துக்குப் போகும்போது கைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். “ஆர்டர் என்னாச்சு” என்று வருகிற செய்திகளுக்கு அவர் பதில் எழுதட்டும்.

நிறைமாதத்தில் இருக்கும் நம் பெண்மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் சுகப்பிரசவத்தைத் தருவானாக! பிறக்கும் பிள்ளைகளை ஸாலிஹான பிள்ளைகளாக ஆக்குவானாக! அவர்கள் கைவேலையில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.